16 கோல் மட்டுமே வாங்கிய பின்களம் இறுதிப் போட்டியில் எப்படி உடைந்தது?

2018 மார்ச் 17. பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்தின் இறுதிப் போட்டி. பெங்களூரு எஃப்சி சொந்த மண்ணில் சென்னையின் எஃப்சியை ('சென்னையின்' என்பதே அணியின் பெயர்) எதிர்கொண்டது. லீக் சுற்றின் 18 ஆட்டங்களில் பெங்களூரு எடுத்தது 40 புள்ளி, அடித்தது 35 கோல், வாங்கியது 16. அந்தப் பருவத்தில் ஆடிய 10 அணிகளில் அதைவிடக் குறைவாகக் கோல் வாங்கிய அணி கிடையாது. இரண்டாம் இடம் பிடித்த சென்னையினுக்கு 32 புள்ளி. அடித்தது 24, வாங்கியது 19.

ஆட்டம் 3-2 என்று முடிந்தது. கோப்பை சென்னைக்கு வந்தது. மூன்றில் இரண்டு கோல் கார்னரில் வந்தவை. இரண்டையும் உதைத்தவர் கிரெகரி நெல்சன், இரண்டையும் தலையால் முட்டி உள்ளே தள்ளியவர் மைல்சன் ஆல்வெஸ்.

முடிவு தெரிந்த பிறகு எல்லோரும் ஞானிகள்தான். அதனால் கேள்வியை இப்படி வைப்போம்: மார்ச் 16ஆம் தேதி இரவு ஒருவர் பெங்களூருவின் பின்களத்தை எடைபோட உட்கார்ந்திருந்தால், மேசையில் என்னென்ன இருந்திருக்கும்? அதில் எது உதவியிருக்கும், எது வழிதவற வைத்திருக்கும்?

முதலில் கண்ணில் படுவது அந்த 16. ஆட்டத்துக்கு 0.89 கோல். சென்னையினுக்கு 1.06. பார்க்க ஒரு பெரிய படி வித்தியாசம் போலத் தெரியும். உண்மையில் 18 ஆட்டத்தில் மூன்று கோல் வித்தியாசம், அவ்வளவுதான். கோல் என்பது அபூர்வ நிகழ்வு. இப்படிப்பட்ட எண்ணிக்கைகளில் அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம் சுமாராக அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 16க்கு வர்க்கமூலம் 4. அதாவது இதே பின்களம், இதே ஆட்டத்தை ஆடி, காற்று வேறு பக்கம் அடித்திருந்தால் 12ஆகவும் முடிந்திருக்கும், 20ஆகவும் முடிந்திருக்கும். மூன்று கோல் வித்தியாசத்தை வைத்து 'இது நல்ல பின்களம், அது சுமார்' என்று தீர்ப்பு எழுத முடியாது.

அதே கணக்கை ஒற்றை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தால் இன்னும் தெளிவாகும். ஆட்டத்துக்குச் சராசரி 0.89 கோல் வாங்கும் அணி, அபூர்வ நிகழ்வு எத்தனை முறை நடக்கும் என்று மதிப்பிடும் பாய்ஸான் கணக்குப்படி, 100 ஆட்டத்தில் சுமார் 41இல் கோலே வாங்காது. 36, 37இல் ஒன்று வாங்கும். 16இல் இரண்டு. மூன்றோ அதற்கு மேலோ வாங்குவது ஆறு ஆட்டத்தில். சென்னையினின் 1.06க்கு அதே கணக்கைப் போட்டால் கோலே வாங்காத ஆட்டங்கள் 35. லீக்கிலேயே சிறந்த பின்களத்துக்கும் அதற்கு அடுத்த தரத்துக்கும் ஒரு நாள் ஆட்டத்தில் உள்ள இடைவெளி இந்த 41க்கும் 35க்கும் நடுவே இருப்பதுதான்.

ஆக, மொத்த எண்ணைப் பிரிக்க வேண்டும். எண் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு ஆட்டமாகத் தோண்ட வேண்டும்.

பெங்களூரு அந்த லீக்கில் தோற்றது நான்கே ஆட்டம். கோவாவிடம் 3-4, சென்னையினிடம் 1-2, ஜாம்ஷெட்பூரிடம் 0-1, டெல்லியிடம் 0-2. இந்த நான்கில் மட்டும் 9 கோல். மிச்சம் 14 ஆட்டத்தில் 7. அந்த 14இல் ஒன்றில்கூட இரண்டு கோல் வாங்கவில்லை. கோவா ஆட்டத்தைத் தனியாக ஓரமாக வைக்க வேண்டும்: கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்து முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், மிச்ச நேரம் 10 பேர். அந்த நான்கு கோலையும் அப்படியே பதினொரு பேர் ஆடும் பின்களத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஒரேயடியாகத் தூக்கியும் போடக்கூடாது.  பின்வரிசை எவ்வளவு உயரத்தில் நின்றது, அதன் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இடம் கிடந்தது என்று அங்கே பார்க்க வேண்டும்.

அடுத்து, காலம். டெல்லியிடம் தோற்றது 2018 ஜனவரி 14. அதன்பிறகு லீக் முடியும்வரை எட்டு ஆட்டம், ஒன்றிலும் தோல்வியில்லை, நான்கு கோல் வாங்கியது. அரையிறுதியில் புனேவுடன் 0-0, பிறகு 3-1. மொத்தம் 10 ஆட்டத்தில் 5 கோல். எதிலும் ஒன்றுக்கு மேல் இல்லை. மார்ச் 16 இரவு இந்தத் தாளைப் பார்த்த எவரும் 'உடைப்பது கஷ்டம்' என்றுதான் எழுதியிருப்பார்கள். எழுதியிருந்தால் அதில் தப்பும் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 18இல் 13 வெற்றி பெறும் அணி, ஆட்ட நேரத்தின் பெரும்பகுதியை முன்னிலையில் கழிக்கிறது. முன்னிலையில் இருக்கும் அணி பின்வாங்கி, ஆளைக் குவித்து, எதிரணியை வெளியிலிருந்தே அடிக்க வைக்கலாம். எதிரணியோ சமன் செய்யும் அவசரத்தில் பந்தைத் தூக்கித் தூக்கிப் போடும். பின்களத்தின் கணக்கு அழகாகிவிடும். அதனால் வாங்கிய கோலையும் எதிரணியின் ஷாட்டுகளையும் மூன்று பெட்டியில் போட வேண்டும்: முன்னிலையில், சமநிலையில், பின்தங்கியிருக்கையில். நாக்-அவுட் ஆட்டத்துக்கு முக்கியமான பெட்டி நடுவில் உள்ளது. பின்தங்கியிருக்கும்போது என்ன ஆகிறது என்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் அடிக்கடி ஜெயிக்கும் அணிக்கு அந்த நிலையில் ஆடிய பழக்கமே குறைவு.

எக்ஸ்ஜி என்ற எண்ணை எல்லோரும் இப்போது சொல்கிறார்கள். ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்ற மதிப்பு அது. பெனால்டிக்கு 0.75க்குக் கொஞ்சம் மேலே. பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடிக்கும் சாதாரண ஷாட்டுக்கு 0.03, 0.04. வாங்கிய கோலைவிட எதிரணிக்கு விட்டுக்கொடுத்த எக்ஸ்ஜி வரும் ஆட்டங்களை நன்றாகக் கணிக்கும். ஆனால் அதைக் கையில் எடுப்பவர் இரண்டு வேலை செய்ய வேண்டும். பெனால்டியைக் கழித்துவிட வேண்டும். கார்னர், ஃப்ரீ கிக் வகையறாவைத் தனியாகப் பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் ஓட்ட ஆட்டத்தில் இரும்பாக நிற்கும் பின்களம், நின்ற பந்தில் ஓட்டையாக இருப்பது மொத்த எண்ணுக்குள் மறைந்துபோகும்.

கீப்பரையும் பிரிக்க வேண்டும். இலக்கை நோக்கி வரும் ஷாட்டுகளில் பொதுவாகப் பத்துக்கு ஏழைக் கீப்பர்கள் தடுப்பார்கள். ஒருவர் ஒரு மாதமாகப் பத்துக்கு எட்டரை தடுத்துக்கொண்டிருந்தால், அந்த அணியின் குறைந்த கோல் எண்ணிக்கை பின்களத்தின் உழைப்பு என்று எண்ணக்கூடாது. அது கீப்பரின் நல்ல நேரம். நல்ல நேரம் இறுதிப் போட்டி வரை நீடிக்கலாம், நீடிக்காமலும் போகலாம்.

எண்கள் இவ்வளவு தூரம்தான் கூட்டிப்போகும். அடுத்தது காணொளி. இங்கேதான் பலர் நேரத்தை வீணடிக்கிறார்கள். 18 ஆட்டத்தையும் முழுசாகப் பார்க்கத் தேவையில்லை. கடைசி ஐந்து ஆட்டம், அத்தோடு வாங்கிய எல்லாக் கோலும், கோலுக்குப் பதினைந்து நொடி முன்னாலிருந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: நிமிடம், அப்போதைய ஸ்கோர், பந்து எங்கே பறிபோனது, கடைசிப் பாஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ஷாட் எங்கிருந்து, அந்த நொடியில் பந்துக்கும் கோலுக்கும் நடுவே எத்தனை பேர் நின்றார்கள். பதினாறு வரி எழுதினாலே வடிவம் தெரிய ஆரம்பிக்கும். கோல் விழுந்த பிறகு கேமரா காட்டும் ஆளைக் குற்றம் சொல்வது சுலபம். பெரும்பாலும் தப்பு அதற்கு இரண்டு பாஸ் முன்னால் நடந்திருக்கும்.

பெங்களூருவைப் போல மூன்று ஸ்டாப்பர்களோடு, அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களோடு, ஆடக்கூடிய அணியிடம் பார்க்க வேண்டிய முதல் இடம், ஓரத்தில் மேலும் கீழும் ஓடும் விங் பேக்குக்குப் பின்னால் இருக்கும் நிலம். விங் பேக் மேலே போனால், அவர் விட்டுப்போன இடத்தை மூடப் பக்கத்து ஸ்டாப்பர் வெளியே இழுபடுகிறாரா, இல்லை நடுக்கள ஆள் ஒருவர் இறங்கி மூடுகிறாரா? ஸ்டாப்பர் இழுபட்டால் நடுவில் இரண்டே பேர். அணி தாக்கிக்கொண்டிருக்கும்போதே படத்தை நிறுத்தி, பின்னால் எத்தனை பேர் காவலுக்கு நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். எதிரணி முன்னால் விட்டிருக்கும் ஆட்களைவிட ஒருவராவது அதிகம் இருக்க வேண்டும். அந்த ஒருவர் இல்லாத நேரங்கள்தான் எதிர்த்தாக்குதலுக்கான கதவு.

நின்ற பந்து: தனித் தாள் வேண்டிய இடம்

கார்னர் என்றால் ஏதோ லாட்டரி என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. ஒரு வகையில் சரி. உலகம் முழுக்க எடுத்துப் பார்த்தால் சுமார் முப்பது, முப்பத்தைந்து கார்னருக்கு ஒரு கோல்தான் விழுகிறது. ஆனால் நாக்-அவுட் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஜாக்கிரதையாக ஆடும். ஓட்ட ஆட்டத்தில் நல்ல வாய்ப்பு குறையும். அப்போது நின்ற பந்தின் பங்கு தானாகவே கூடும்.

எதிரணி கார்னரை எப்படிக் காக்கிறது என்று பார்க்க அது எதிர்கொண்ட கடைசிப் பத்துக் கார்னர் போதும். உதைக்கும் அந்த நொடியில் படத்தை நிறுத்தி ஆட்களைப் புள்ளியாகக் குறித்துக்கொள்ளுங்கள். காக்கும் முறை மூன்று. ஆளுக்கு ஆள் பிடிப்பது ஒன்று. கோலுக்கு முன்னால் இடம் பிரித்து நிற்பது இன்னொன்று. இரண்டும் கலந்தது மூன்றாவது. இப்போது பெரும்பாலும் இதுதான்: முதல் கம்பத்தில் ஒருவர், ஆறு கெஜக் கோட்டில் மூன்று நான்கு பேர் வரிசையாக, எதிரணியில் தலையால் நன்றாக முட்டுபவர்களை வழிமறிக்க இரண்டு மூன்று பேர், பெட்டியின் விளிம்பில் ஒருவர், மேலே ஒருவர்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் உண்டு. இடம் காப்பவர் நின்ற இடத்திலிருந்து எம்ப வேண்டும். தாக்குபவரோ ஓடிவந்து எம்புகிறார். ஓட்டத்தோடு எம்புபவருக்குத்தான் உயரம் கிடைக்கும். அதற்கு மருந்தாகத்தான் வழிமறிப்பவர்களை வைப்பது. அவர்கள் உயரத்தில் குட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, ஓட்டத்தைக் கெடுத்தால் போதும். ஆளுக்கு ஆள் பிடிக்கும் முறையில் நோய் வேறு: தாக்கும் அணி இன்னொருவரைக் குறுக்கே நிறுத்தி, பிடிக்க வந்தவரை மோதவிட்டு, தன் ஆளைக் கழற்றிவிடும். பந்தையும் பார்க்க வேண்டும், ஆளையும் பார்க்க வேண்டும் என்ற நிலையில் காப்பவர் பந்தைப் பார்த்த அரை நொடியில் ஆள் போய்விடுவார்.

கீப்பர் உயரம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்றும் எண்ணக்கூடாது. குர்ப்ரீத் ஆறரை அடியை நெருங்கும் உயரம். அப்படிப்பட்டவரை வெளியே வரவிடாமல் தடுக்க, கோல் கோட்டில் இரண்டு பேரை அவர் முன்னால் நிறுத்தினாலே போதும். பந்து ஆறு கெஜப் பெட்டிக்கு வெளியே விழுந்தால் அவர் கை நீளம் பயன்படாது.

இப்போது மார்ச் 16 மேசைக்குத் திரும்புவோம். புனேவுடன் நடந்த இரண்டு அரையிறுதியிலும் சேர்த்துப் பெங்களூரு வாங்கிய ஒரே கோல், ஜோனாதன் லூக்காவின் ஃப்ரீ கிக். நின்ற பந்து. ஒரே ஒரு கோலை வைத்து எதுவும் நிரூபிக்க முடியாது. ஆனால் மறுபக்கத்தைப் பாருங்கள். மார்ச் 13ஆம் தேதி சென்னையில் நடந்த அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் சென்னையின் கோவாவை 3-0 என்று அடித்தது. 26ஆம் நிமிடத்தில் ஜெஜே, 29ஆம் நிமிடத்தில் வியாசர்பாடிக்காரர் தனபால் கணேஷ். இரண்டும் நெல்சன் உயர்த்தி அனுப்பிய பந்து, இரண்டும் தலையால் அடித்த கோல்.

இங்கேதான் பெரும்பாலான மதிப்பீடுகள் தடம் மாறுகின்றன. 'இந்தப் பின்களம் நல்லதா?' என்று பொதுவாகக் கேட்டால் 'ஆம், லீக்கிலேயே நல்லது' என்றுதான் பதில் வரும். அது பயனில்லாத கேள்வி. நெல்சனின் காலிலிருந்து வளைந்து வரும் பந்துக்கு, மைல்சன், கணேஷ், ஜெஜே, ஹென்ரிக் செரேனோ ஆகியோர் பெட்டிக்குள் ஒன்றாக ஓடிவரும்போது, இந்தப் பின்களம் எப்படி நிற்கும்? கேட்க வேண்டியது இதை. சென்னையின் 18 ஆட்டத்தில் 24 கோல் மட்டுமே அடித்த அணி. ஓட்ட ஆட்டத்தில் வெள்ளமாகப் பாயும் அணி அல்ல. அதற்கு எதிராகப் பயிற்சியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் எது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதுதான்.

சென்னையினின் பின்களம்: மறைந்து கிடந்த நல்ல செய்தி

எதிர்ப்பக்கத்தையும் இதே தராசில் வைத்தால் வேறு படம் கிடைக்கும். 19 கோல் என்ற எண் சென்னையினைச் சாதாரண பின்களமாகக் காட்டியது. அந்தப் பருவத்தின் மிகக் கூர்மையான தாக்குதல் கோவாவுடையது: லீக்கில் 42 கோல், அதில் கோரோ மட்டும் 18. அந்தக் கோவாவோடு சென்னையின் நான்கு முறை மோதியது. முதல் ஆட்டத்தில், 2017 நவம்பரில், சொந்த மண்ணில் மூன்று கோல் வாங்கித் தோற்றது. இரண்டாவதில் கோலே வாங்காமல் 1-0 வெற்றி. அரையிறுதியின் முதல் ஆட்டம் 1-1. இரண்டாவது 3-0. வாங்கிய கோல்: 3, 0, 1, 0.

இப்படி ஒரே பலமான எதிரியோடு பல முறை மோதிய வரிசை கிடைத்தால் அதைத் தங்கமாக எண்ண வேண்டும். எதிரி மாறவில்லை, ஆகவே மாறியது பின்களம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். கோவா நடுவழியாகச் சிறு சிறு பாஸில் நுழையும் அணி. மைல்சனும் செரேனோவும் பின்னால், அவர்களுக்கு முன்னால் கணேஷும் பிக்ரம்ஜித்தும் என்று நடுவை அடைத்தால் அதன் மூச்சு திணறும்.

ஆனால் கோவாவுக்குப் போட்ட பூட்டு பெங்களூருவுக்குப் பொருந்தாது. பெங்களூருவின் உதாந்தா சிங் ஓரத்தில் ஓடுபவர். அந்த லீக்கின் வேகமானவர்களில் ஒருவர். நடுவை அடைத்தால் ஓரம் திறக்கும். இறுதிப் போட்டியின் 9ஆம் நிமிடத்தில் அவர் ஓரத்திலிருந்து போட்ட பந்தைச் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் அடித்தார். 1-0. இதுவும் மேசையில் இருந்த செய்திதான். தெரிந்தும் தடுக்க முடியாத வகை.

இரண்டு அணிகளும் லீக்கில் ஆளுக்கு ஒன்று ஜெயித்திருந்தன, இரண்டுமே எதிரியின் ஊரில்: டிசம்பரில் பெங்களூருவில் சென்னையின் 2-1, பிப்ரவரியில் சென்னையில் பெங்களூரு 3-1. நேருக்கு நேர் கணக்கு என்று வர்ணனையாளர்கள் விரும்பிச் சொல்வது இதைத்தான். இரண்டு ஆட்டத்திலிருந்து எடுக்கக்கூடியது மிகக் கொஞ்சம்.

யார் ஆடவில்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பருவத்தில் களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டவர்தான் ஆடலாம். பல அணிகள் அதில் இரண்டை ஸ்டாப்பர் இடத்துக்கே செலவழித்தன. ஒரு ஸ்டாப்பர் அட்டையாலோ காயத்தாலோ விலகினால், அவருக்குப் பதில் யார் என்பதோடு கேள்வி முடிவதில்லை. பதிலாக வருபவர் இந்தியரானால் வெளிநாட்டவர் இடம் ஒன்று முன்னால் நகரும். மொத்த அமைப்பும் மாறும். 2014 உலகக் கோப்பையில் பிரேசில் முதல் ஐந்து ஆட்டத்தில் நான்கே கோல் வாங்கியிருந்தது. கேப்டன் தியாகோ சில்வா மஞ்சள் அட்டைக் கணக்கில் அரையிறுதியை இழந்தார். அந்தத் தொடரில் அதுவரை களமிறங்காத டான்டே வந்தார். ஊரே நெய்மாரின் முதுகுக் காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஜெர்மனி அடித்தது ஏழு. முதல் கோல் 11ஆம் நிமிடத்தில், கார்னரில்.

இத்தனையும் சேர்த்துப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. ஆட்டக்காரர்களுக்கு மூன்று வரி. 'பெங்களூரு பின்களம் ஓட்ட ஆட்டத்தில் இறுக்கமானது, அங்கே பொறுமை வேண்டும். கார்னரும் ஓர ஃப்ரீ கிக்கும் நம் வழி, அதைச் சம்பாதியுங்கள். உதாந்தா பக்கம் எப்போதும் இரண்டு பேர்.' இதற்கு மேல் ஓய்வறையில் யார் காதிலும் ஏறாது.

எந்தத் தாளிலும் அடங்காதவையும் உண்டு. 67ஆம் நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த மூன்றாவது கோல் அப்படி. அந்தத் தூரத்திலிருந்து நூறு முறை அடித்தால் நாலைந்து முறை உள்ளே போகும், அன்று போனது. கடைசி நிமிடங்களில் பெங்களூருவின் மிக்கு ஒன்று அடித்து 3-2 ஆக்கியதும், அந்த 67ஆம் நிமிடக் கோல்தான் கோப்பையின் விலை என்று ஆனது.

ஆனால் மைல்சனின் இரண்டும் வேறு ரகம். முதலாவது 17ஆம் நிமிடம், இரண்டாவது 45ஆம் நிமிடம். நடுவில் 28 நிமிடம். அதே உதைப்பவர், அதே தலை. கால்பந்தில் டைம் அவுட் கிடையாது. இடைவேளைக்கு முன்னால் யார் யாரைப் பிடிப்பது என்பதை மாற்ற வேண்டுமானால் ஓரத்திலிருந்து கத்தித்தான் மாற்ற வேண்டும், அதுவும் பல ஆயிரம் பேர் போடும் சொந்த ஊர்ச் சத்தத்துக்கு நடுவே. முதல் திட்டம் உடைந்தால் இரண்டாவது எது, அதைக் களத்தில் யார் அறிவிப்பது என்று முந்தின நாளே தீர்மானித்து வைக்காத அணிக்கு, இடைவேளை ஒரு நிமிடம் தாமதமாகத்தான் வரும்.